காத்தல் என்னும் தொழில்: டெபியன் களஞ்சியத்தின் வரலாறு

கணினித் துறையின் கலைச்சொற்களிற் பெரும்பாலானவை பொறியியலிலிருந்தும் கணிதத்திலிருந்தும் வந்தவை. அவற்றினிடையே குடும்பத்திலிருந்து வந்த சொற்கள் சிலவும் உண்டு. டெபியன் என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தில், ஒரு மென்பொருளைப் பேணிவந்தவர் அப்பொறுப்பைத் துறந்துவிட்டால் அம்மென்பொருள் 'அநாதை' எனக் குறிக்கப்படும். வேறொருவர் முன்வந்தால் அவர் அதனைத் 'தத்தெடுக்கிறார்'. தம்மால் இனி இயலாது என முன்னரே உணர்ந்தவர், கைவிடுமுன், 'தத்தெடுக்க யாரேனும் உளரா' என்று விண்ணப்பம் வைக்கலாம். கைவிட மனமில்லை, ஆயினும் தனியே சுமக்க முடியவில்லை என்றால் 'உதவி வேண்டும்' என்று எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. எவரும் பார்க்கத்தக்க பொதுப்பட்டியலும் உண்டு. மறுமொழி ஏதும் தராமல் மறைந்துபோனோரைத் தேடி விசாரிப்பதற்கென்றே ஒரு சிறு குழு இயங்குகிறது. அக்குழுவின் பெயர் மட்டும் போர்க்களத்திலிருந்து கடன்வாங்கியது: 'களத்தில் காணாமற்போனோர்'.

மென்பொருளுக்கு இத்தகைய சொற்கள் எதற்கு? மென்பொருள் வரலாறு இதுவரை பெரிதும் படைத்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. யூனிக்ஸைப் படைத்தவர் யார், லினக்ஸ் கருநிரலை எழுதியவர் யார் என்பன நமக்குத் தெரியும். படைத்தல், காத்தல், அழித்தல் என்று மூன்று தொழில்களைச் சொல்லும் மரபு நம்முடையது. அவற்றுள் நடுவில் நிற்கும் தொழிலே நெடிது, முடிவற்றது, புகழ் குறைந்தது. படைப்பவர் ஒருநாள் படைத்து முடிக்கிறார். காப்பவருக்கு முடியும் நாள் என்று ஒன்றில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவது மட்டுமே உண்டு. டெபியன் களஞ்சியத்தின் முப்பதாண்டு வரலாற்றை இந்தக் கைமாற்றத்தின் வரலாறாகப் படிக்க முடியும் என்பதே நம் கருத்து.

1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 அன்று, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக், புதியதொரு லினக்ஸ் வழங்கல் தொடங்கப்போவதாக அறிவித்தார். லினக்ஸ் என்பது உண்மையில் கருநிரல் ஒன்றின் பெயரே. அதனுடன் நூற்றுக்கணக்கான பிற மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டினாலன்றி அது பயன்படாது. அவ்வாறு சேர்த்துக் கட்டிய தொகுதிக்கே 'வழங்கல்' என்று பெயர். அந்நாளில் பரவலாக இருந்த எஸ்.எல்.எஸ். என்னும் வழங்கலில் வழுக்கள் மலிந்திருந்தன. அவை திருத்தப்படாமலே கிடந்தன. அந்தச் சலிப்பிலிருந்து பிறந்தது டெபியன். தம் அன்புக்குரிய டெப்ராவின் பெயரையும் தம் பெயராகிய இயன் என்பதையும் இணைத்து மர்டாக் சூட்டிய பெயர் அது.

மர்டாக் எழுதிய டெபியன் அறிக்கையில் நம் பொருளுக்கு நேரே வந்துசேரும் கருத்தொன்று இருக்கிறது. வழங்கல் ஒன்றை உருவாக்குவதே கடினம். அதனை வழுவின்றியும் இற்றைப்படுத்தியும் வைத்திருப்பதோ இடையறாத உழைப்பைக் கேட்பது, பகட்டில்லாதது. அதனாலேயே பலர் தொடங்கிவிட்டுக் கைவிடுகின்றனர் என்பது அவர் கண்ட காரணம். இதற்கு அவர் கண்ட தீர்வு எளியது. வழங்கலை ஒருவரே கட்டவேண்டாம். ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதனை நன்கறிந்த ஒருவர் பொறுப்பேற்கட்டும். அனைவரும் ஒரே விதிமுறைக்கு உட்படட்டும். தொடக்கத்திலேயே காத்தலை மையத்தில் வைத்து எழுந்த திட்டம் இது.

இங்கே 'பொதி' என்பது என்னவென்று விளக்கிவிட வேண்டும். மூல ஆசிரியர் எழுதி வெளியிடுவது நிரல் மட்டுமே. அது எந்தக் கணினியில், எந்தக் கோப்புறையில், வேறு எவற்றின் துணையோடு இயங்கவேண்டும் என்பதையெல்லாம் முறைப்படுத்தி, ஒரே கட்டளையில் நிறுவத்தக்க வடிவிற் கட்டித்தருவதே பொதி. கட்டித்தருபவர் பராமரிப்பாளர். அவர் மூல நிரலுடன் சில ஏடுகளைச் சேர்க்கிறார். பொதியின் பெயர், விளக்கம், அது சார்ந்துநிற்கும் பிற பொதிகள் ஆகியவற்றைச் சொல்வது ஒன்று; உரிமையாளர் யார், உரிமம் என்ன என்பதைச் சொல்வது மற்றொன்று; மூலத்திலிருந்து பொதியைக் கட்டும் விதிகளைச் சொல்வது பிறிதொன்று; யார், எப்போது, என்ன மாற்றினார் என்பதைச் சொல்லும் மாற்றக்குறிப்பு இன்னொன்று. மூல ஆசிரியர் புதிய பதிப்பு வெளியிட்டிருக்கிறாரா என்று கண்காணிக்கும் சிற்றேடு ஒன்றும் வழக்கமாக இருக்கும். தமிழில் 'பொதி' என்னும் சொல்லுக்குக் கட்டு என்றும் பொருள், சுமை என்றும் பொருள். கலைச்சொல்லாக்கத்தில் நமக்குத் தற்செயலாகக் கிடைத்த பொருத்தம் இது.

பொதிகளை நிறுவவும் நீக்கவும் உதவும் டி.பி.கே.ஜி. என்னும் கருவியின் முதல் வடிவை மர்டாக்கும் தொடக்ககாலத் தோழர்களும் எழுதினர். 1994-இல் இயன் ஜாக்சன் அதனைப் புதிதாக எழுதினார். ஒரு பொதி இன்னொன்றையும், அது வேறொன்றையும் சார்ந்திருக்க, இச்சார்புச் சங்கிலியைப் பயனர் கையால் அவிழ்ப்பது பெருந்தொல்லையாக இருந்தது. 1999 மார்ச்சில் வந்த 2.1 பதிப்பில் இடம்பெற்ற ஏ.பி.டி. என்னும் கருவி அதனைத் தீர்த்தது. வேண்டியதன் பெயரைச் சொன்னால் போதும். அதற்கு வேண்டியவற்றையும் அதுவே தேடிக் கொணர்ந்து நிறுவும். இன்று கைப்பேசிகளில் 'செயலிக் கடை' என்று நாம் காண்பதற்கு முன்னோடி எனத்தக்க அமைப்பு அப்போதே வழக்கிற்கு வந்துவிட்டது. வேறுபாடு ஒன்றுண்டு: இங்கே கடைக்காரர் இல்லை.

1995-ஆம் ஆண்டின் இறுதியில் குறுந்தகடு விற்கும் நிறுவனம் ஒன்று, முடிவடையாத நிலையிலிருந்த தொகுதியை எடுத்து '1.0' என்று பெயரிட்டு விற்றுவிட்டது. குழப்பத்தைத் தவிர்க்கும்பொருட்டு டெபியன் தன் எண்ணையே விட்டுக்கொடுத்தது. அதனால் 1996 ஜூனில் வந்த முறையான வெளியீடு 1.1 ஆயிற்று, டெபியன் வரலாற்றில் 1.0 என்றொரு பதிப்பு இல்லை. அந்த 1.1-இல் இருந்த பொதிகள் 474. 2000 ஆகஸ்டில் வந்த 2.2-இல் அவை 3,900-ஐத் தாண்டின. 2005 ஜூனில் வந்த 3.1-இல் ஏறத்தாழ 15,400. 2025 ஆகஸ்டு 9 அன்று வெளியான 13-ஆம் பதிப்பில் ஏறத்தாழ 70,000. இவ்வளவையும் பேணுவோர் உலகெங்கும் சிதறியிருக்கும் தன்னார்வலர்கள். பெரும்பாலோர் தம் வேலை நேரம் போக எஞ்சிய பொழுதிலேயே இதனைச் செய்கின்றனர்.

எண்ணிக்கை பெருகும்போது நம்பிக்கை எதன்மேல் நிற்கும் என்னும் வினா எழும். மர்டாக்குக்குப்பின் தலைமையேற்ற புரூஸ் பெரன்ஸ் காலத்தில், 1997 ஜூலையில், 'சமுதாய ஒப்பந்தம்' என்னும் சிற்றாவணம் ஏற்கப்பட்டது. அதன் உறுதிமொழிகளுள் ஒன்று நம் கவனத்துக்குரியது: குறைகளை மறைக்கமாட்டோம் என்பது. டெபியனின் வழுப்பட்டியல் முழுதும் பொதுப்பார்வைக்குத் திறந்திருக்கிறது. எந்தப் பொதியில் என்ன குறை, யார் சொன்னார், எத்தனை நாளாகத் தீராமலிருக்கிறது என்பதை எவரும் படிக்கலாம். தம் பொதியின் குறைகள் தம் பெயருடன் உலகறியத் தொங்கிக்கொண்டிருப்பதைப் பராமரிப்பாளர் ஒவ்வொருவரும் ஏற்றுக்கொண்டே உள்ளே வருகிறார். அந்த ஒப்பந்தத்துடன் வந்த கட்டற்ற மென்பொருள் வழிகாட்டு நெறிகளே, மறு ஆண்டில் 'திறமூலம்' என்னும் சொல்லுக்கு வரையறை வகுக்க அடிப்படையாயின.

வெளியீடுகளுக்குப் பெயரிடும் வழக்கமும் சுவையானது. பெரன்ஸ் அப்போது பிக்சார் நிறுவனத்திற் பணியாற்றினார். அந்நிறுவனம் 1995-இல் வெளியிட்ட 'டாய் ஸ்டோரி' திரைப்படத்தின் பாத்திரப் பெயர்களே டெபியன் பதிப்புகளின் பெயர்களாயின. பஸ், ரெக்ஸ், போ, ஹாம் என்று அவ்வரிசை தொடர்ந்தது. புதிய பொதிகள் முதலில் வந்துசேரும் 'நிலையற்ற' பிரிவுக்கு நிலையான பெயர் சித். பொம்மைகளை உடைத்துப் பார்க்கும் பக்கத்துவீட்டுச் சிறுவனின் பெயர் அது.

பொதி ஒன்று பயனரை அடையும் பாதை இந்தச் சித்திலிருந்து தொடங்குகிறது. பராமரிப்பாளர் புதிய பதிப்பை முதலில் நிலையற்ற பிரிவில் ஏற்றுகிறார். துணிவுள்ள பயனர்கள் அதனை இயக்கிப் பார்க்கின்றனர். சில நாள்கள் கடந்தும் கடுமையான புதிய வழு ஏதும் வெளிப்படாவிட்டால், அது 'சோதனை' என்னும் பிரிவுக்கு நகர்கிறது. இந்த இடைநிலை 2000-ஆம் ஆண்டின் இறுதியில் ஏற்படுத்தப்பட்டது. ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை சோதனைப் பிரிவு உறையவைக்கப்படுகிறது. புதியன நுழைவது நின்று, பிழைகளைந்து முடிந்தபின், அதுவே 'நிலையான' வெளியீடாகிறது.

நிலையான வெளியீட்டைப் பேணும் முறையை இலக்கிய மாணவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். அங்கே பொதுவிதி, மூல ஆசிரியரின் புதிய பதிப்பை ஏற்றுவதில்லை என்பது. பாதுகாப்புக் குறை ஒன்று கண்டறியப்பட்டால், அக்குறையை நீக்கும் வரிகளை மட்டும் புதிய பதிப்பிலிருந்து பிரித்தெடுத்து, பழைய பதிப்பில் ஒட்டுகின்றனர். நூல் ஒன்றின் புதிய பதிப்பை வாங்கி வைப்பது எளிது. பழைய பதிப்பின் ஓட்டத்தைக் குலைக்காமல் பிழைபட்ட இடத்தை மட்டும் திருத்துவதற்கு இரு பதிப்புகளையும் வரிவரியாக ஒப்புநோக்கும் புலமை வேண்டும். மருத்துவமனைக் கணினியும் நூலகக் கணினியும் நேற்று இயங்கியவாறே இன்றும் இயங்குகின்றன என்றால், அதன் பின்னே இந்த ஒப்புநோக்கல் இருக்கிறது. பழைய பதிப்புகளை வைத்திருப்பதாக டெபியனை ஏளனம் செய்வோர் இதனைக் காண்பதில்லை.

மாற்றக்குறிப்பு என்னும் ஏட்டைப் பற்றி மேலே சொன்னோம். ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் செய்தவர் பெயரும் நாளும் நேரமும் பதிவாகின்றன; பழையவை அழிவதில்லை. நெடுங்காலப் பொதி ஒன்றின் மாற்றக்குறிப்பைக் கீழிருந்து மேலாகப் படித்தால் தலைமுறைகள் மாறுவதைக் காணலாம். ஒரு பெயர் பல ஆண்டுகள் தொடர்ந்து வந்து, திடீரென்று நின்றுபோகும். 'புதிய பராமரிப்பாளர்' என்று ஒரு வரி தோன்றும். வேறொரு பெயர் தொடரும். சுவடிகளைப் பெயர்த்தெழுதிக் காத்தோரிற் பலரின் பெயரை நாம் அறியோம். இக்களஞ்சியத்திலோ பெயர்த்தெழுதியோர் அனைவரின் பெயரும் இருக்கிறது, படிப்போர்தாம் அரியர்.

பிறர் பொறுப்பிலுள்ள பொதியைத் திருத்த நேர்ந்தால் அதற்கும் ஒரு நாகரிகம் வகுக்கப்பட்டிருக்கிறது. பராமரிப்பாளர் அல்லாதவர் அவசரத்துக்குத் திருத்தம் செய்து ஏற்றலாம். ஆனால் வழுப்பட்டியலில் முன்னறிவிப்புத் தரவேண்டும். செய்த மாற்றத்தை வெளிப்படையாக வைக்கவேண்டும். வேண்டாத மாற்றம் எதனையும் சேர்க்கலாகாது. பதிப்பெண்ணிலும் அது தெரியவேண்டும். 1.5-2 என்றிருந்த பொதியை உரியவரே திருத்தினால் அது 1.5-3 ஆகும், மற்றொருவர் திருத்தினால் 1.5-2.1 ஆகும். அந்தக் கடைசிப் புள்ளியும் ஒன்றும், 'இது வேற்றுக்கை. உரியவர் வந்து பார்த்துக்கொள்க' என்று சொல்கின்றன.

அநாதையான பொதியும் தெருவில் விடப்படுவதில்லை. பராமரிப்பாளர் பெயருக்குரிய இடத்தில் 'டெபியன் தர உறுதிக் குழு' என்னும் பொதுப்பெயர் எழுதப்படுகிறது. எவரும் வந்து திருத்தலாம். துறப்பதாக அறிவிக்காமலே ஒருவர் ஒதுங்கிவிட்டால் 'மீட்டெடுத்தல்' என்னும் முறை உண்டு. மீட்க விரும்புவோர் தம் எண்ணத்தை வெளிப்படையாக அறிவித்து, மூன்று வாரங்களாவது காத்திருக்கவேண்டும். மறுப்பு வராவிட்டால், புதிய பொதியை ஏற்றி, அது களஞ்சியத்துள் நுழையுமுன் மேலும் ஒரு வாரமாவது வரிசையில் நிறுத்தவேண்டும். பழையவர் எந்நேரமும் திரும்பிவந்து 'நான் இருக்கிறேன்' என்று சொல்ல இடம் விடுகின்றனர். ஒருவரை நீக்குவதிலும் இவ்வளவு மென்மை.

அந்த மென்மைக்குக் காரணம் உண்டு. திரைக்கு அப்பாலிருப்பவர் என்ன நிலையில் இருக்கிறார் என்பது எவருக்கும் தெரியாது. ஜோயல் கிளெக்கர் என்னும் இளைஞர் டெபியனில் 'எஸ்பி' என்னும் புனைபெயரால் அறியப்பட்டவர். ஏறத்தாழ எல்லா மென்பொருள்களும் சார்ந்துநிற்கும் சி-மொழி நூலகத்தின் பொதியைப் பேணியவர்களுள் ஒருவர். 2000 ஜூலையில் அவர் இறந்தபின்னரே, டூஷேன் தசைச்சிதைவு நோயால் அவர் படுக்கையிற் கிடந்தவாறே அப்பணிகளைச் செய்துவந்தார் என்பது தோழர்கள் பலருக்குத் தெரியவந்தது. அடுத்த மாதம் வெளியான 2.2 பதிப்பை அவருக்குக் காணிக்கையாக்கினர். அவர் பொதிகள் பிறர் கைக்கு மாறின. 2015 டிசம்பரில் இயன் மர்டாக் மறைந்தபோது, 2017 ஜூனில் வந்த 9-ஆம் பதிப்பு அவர் நினைவுக்கு உரியதாயிற்று. தொடங்கியவர் போனபின்னும் திட்டம் நின்றுவிடவில்லை. தலைமை 1996-லேயே கைமாறியிருந்தது.

இந்த ஏற்பாடு எல்லாச் சோதனைகளையும் எளிதாகக் கடந்துவிட்டதாக எண்ணலாகாது. 2006-ஆம் ஆண்டில் 4.0 பதிப்பைக் குறித்த காலத்தில் வெளியிடும்பொருட்டு, வெளியீட்டு மேலாளர் இருவருக்கு ஊதியம் தர நிதி திரட்டும் முயற்சி ஒன்று நடந்தது. நோக்கம் நல்லதே. ஆயினும், இருவர் கூலிக்கும் ஏனையோர் அன்புக்கும் உழைப்பது எவ்வாறு பொருந்தும் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. தம் ஊக்கம் குன்றியதாகச் சிலர் வெளிப்படையாகவே எழுதினர். டிசம்பரில் எதிர்பார்த்த வெளியீடு 2007 ஏப்ரலில்தான் வந்தது. பணம் கொடுத்தால் விரைவு வரும் என்னும் எளிய கணக்கு அங்கே செல்லவில்லை. பின்னர், 2014-இல், பழைய வெளியீடுகளை நெடுங்காலம் பேணும் சலிப்பான பணிக்கு நிறுவனங்கள் கூட்டாகப் பணம் தரும் ஏற்பாடு தொடங்கியபோது அது நிலைத்தது. தன்னார்வலர்கள் விரும்பி ஏற்காத பணிக்கு ஊதியம் என்று எல்லை வகுத்துக்கொண்டதே வேறுபாடு என்று நமக்குத் தோன்றுகிறது.

மற்றொரு சோதனை 2008 மே மாதத்தில் வெளிப்பட்டது. இணையத் தொடர்பை மறைக்குறியாக்கும் ஓபன்எஸ்.எஸ்.எல். என்னும் நூலகத்தில், சோதனைக் கருவி ஒன்று எச்சரிக்கை எழுப்பியதால், டெபியன் பராமரிப்பாளர் 2006-இல் இரண்டு வரிகளை நீக்கியிருந்தார். நீக்குமுன் மூலத் திட்டத்தின் அஞ்சற்குழுவில் வினவவும் செய்தார்; தடுப்பார் இல்லை. அவ்வரிகளோ மறைச்சாவிகளின் ஊகிக்கமுடியாமைக்கு அடிப்படையானவை. விளைவாக, டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் உருவான சாவிகள், ஒவ்வொரு வகைக்கும் 32,768 என்னும் சிறு எண்ணிக்கைக்குள் அடங்கிவிட்டன. ஈராண்டுக்காலம் உலகெங்கும் உருவான சாவிகளை மாற்றவேண்டியதாயிற்று. பராமரிப்பாளர் அசட்டையாக இருந்தார் என்று சொல்வதற்கில்லை. மூல ஆசிரியருக்கும் பொதிகட்டுபவருக்கும் இடையே நடந்த உரையாடல் முழுமையடையவில்லை. திருத்தும் உரிமை இருவரையும் ஒருவர்மேல் ஒருவர் சார்ந்தவராக்குகிறது என்பதை உணர்த்திய நிகழ்ச்சி அது.

எல்லாவற்றினும் கூரிய பாடம் 2024-இல் வந்தது. எக்ஸ்.இசட். என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள்; கண்ணுக்குத் தெரியாமல் ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருப்பது. அதன் மூலத் திட்டத்தை நெடுங்காலம் ஒருவரே தனியாகப் பேணிவந்தார். 2021 முதல் 'ஜியா டான்' என்னும் பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். 2022-இல் வேறு சில பெயர்களிலிருந்து, பணி மெதுவாக நடக்கிறது, புதியவரிடம் பொறுப்பைக் கொடுக்கலாகாதா என்று நெருக்கடி தரும் அஞ்சல்கள் வந்தன. தாம் மனநலச் சிக்கல்களால் நெடுநாளாகச் சோர்ந்திருப்பதாகவும், இது ஊதியமற்ற பொழுதுபோக்குப் பணியே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும் என்றும் அந்தப் பராமரிப்பாளர் மறுமொழி எழுதினார். அடுத்துச் சில மாதங்களில் புதியவர் இணைப் பராமரிப்பாளரானார். உதவிக்கு வந்தவர் அவர் ஒருவரே.

2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அப்புதியவர் வெளியிட்ட 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பின்கதவு ஒன்று மறைந்திருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். சேவையினூடே, உரிய சாவி வைத்திருப்பவர் எந்தக் கட்டளையையும் இயக்க அது வழிசெய்தது. டெபியன் உள்ளிட்ட சில வழங்கல்கள் அச்சேவையில் தாமே சேர்த்திருந்த ஓர் ஒட்டின் வழியாகத்தான் எக்ஸ்.இசட். நூலகம் அங்கே சென்றுசேர்ந்தது. புதிய பதிப்பை விரைந்து ஏற்றுமாறு டெபியனின் வழுப்பட்டியலிலும் ஒரு கோரிக்கை வந்தது. மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர் உண்மையை வெளிப்படுத்தினார். டெபியனின் நிலையற்ற பிரிவை இயக்கிவந்த கணினியில், நுழைவதற்கு ஏறத்தாழ அரை நொடி கூடுதலாகிறதே என்று ஐயுற்று, காரணத்தைத் துருவித்துருவிக் கண்டார் அவர்.

டெபியனின் நிலையான வெளியீடு பாதிக்கப்படவில்லை. உடைத்துப் பார்ப்பதற்கென்றே வைத்திருந்த சித்தும் அடுத்திருந்த சோதனைப் பிரிவுமே அடிபட்டன. மெதுவாக நகரும் அந்தப் பாதையே அரண் ஆயிற்று. பழைய பதிப்புக்குத் திரும்பும்போது ஒரு சிக்கல்: களஞ்சியத்தில் பதிப்பெண் கீழிறங்க முடியாது. ஆகவே புதிய பொதிக்கு, '5.6.1; உண்மையில் 5.4.5' என்று பொருள்தரும் எண்ணை இட்டனர். நடந்ததை மறைக்காமல் எண்ணிலேயே எழுதிவைத்தார்கள்.

இவ்விரு அமைப்புகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். டெபியனில் ஒருவர் சோர்ந்தால் விண்ணப்பம் வைக்கலாம், துறக்கலாம். பொதி பொதுக்குழுவின் மடியில் விழும். ஏற்க வருபவரோ பழைய உறுப்பினரை நேரிற் கண்டு, அடையாள ஆவணம் காட்டி, தம் மறைச்சாவிக்கு ஒப்புதல் பெற்று வருவது மரபு. எக்ஸ்.இசட். திட்டத்திலோ ஒரு தனிமனிதர், ஒரு முகமற்ற விண்ணப்பதாரர், இடையே எவரும் இல்லை. தத்துக்கொடுக்க ஊரும் சாட்சியும் இல்லாத இடத்தில் பிள்ளை கள்வன் கைக்குப் போயிற்று. இதில் களைத்தவரைக் குறைசொல்வது அறமன்று. அவர் எழுதியதைக் கோடிக்கணக்கான கணினிகள் இயக்கிக்கொண்டிருந்தபோது, அவர் களைப்பை இறக்கிவைக்க ஒரு திண்ணையும் இல்லாதிருந்தது என்பதே குறை. நிரலை எழுதியவரும் பொதியைக் கட்டியவரும் பயன்படுத்தியவரும் ஆகிய எல்லோருக்கும் அதிற் பங்குண்டு.

காத்தலைப் பேசும்போது அழித்தலையும் ஒருசொல் சொல்லவேண்டும். 13-ஆம் பதிப்பில் 14,000-க்கும் மேற்பட்ட புதிய பொதிகள் சேர்ந்தன. 8,800-க்கும் மேற்பட்டவை காலங்கடந்தவை என நீக்கப்பட்டன. மூல ஆசிரியர் கைவிட்டு, தத்தெடுப்பாரும் இன்றி, வழுக்கள் தீராமற் கிடக்கும் பொதியை நீக்குவதும் பேணுதலின் ஒரு பகுதியே. அதன் மாற்றக்குறிப்பும் பழைய வடிவங்களும் ஆவணக்காப்பில் இருக்கும். வாழும் களஞ்சியத்தில் மட்டும் இடமிராது.

இவை நம் வாழ்வுக்குத் தொலைவில் நடப்பன அல்ல. டெபியன் கணினியிலோ, அதன் வழிவந்த உபுண்டுவிலோ தமிழ் எழுத்து சதுரக் கட்டங்களாக அன்றி எழுத்தாகவே தெரிவதற்கு, லோகித் தமிழ் எழுத்துரு போன்றவை பொதிகளாகக் களஞ்சியத்தில் இருப்பதும் ஒரு காரணம். அப்பொதியையும் எவரோ கட்டுகிறார்கள். கட்டும் விதிகள் மாறும்போதெல்லாம் திருத்தி ஏற்றுகிறார்கள். தமிழ் எழுத்துரு ஒன்றைப் பேணுபவர் தமிழறிந்தவராக இருக்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை; இருந்தால் நன்று. 2023 செப்டம்பரில் டெபியன் உருவாக்குநரின் ஆண்டு மாநாடு நம் அண்டை மாநிலத்துக் கொச்சியில் நடந்தது. தமிழ் மாணவர்க்கு இப்பணி எட்டாத ஒன்றன்று. பொதி ஒன்றின் விளக்கத்தை மொழிபெயர்ப்பதும், வழு ஒன்றைத் தெளிவாக எழுதி அறிவிப்பதும் நுழைவாயில்களே.

புதியது படைத்தவரைப் போற்றும் வழக்கம் எங்கும் உண்டு; அதில் தவறில்லை. ஆயினும் ஒரு பண்பாடு தன் செல்வங்களை எவ்வளவு காலம் வைத்திருக்கும் என்பது, அதனிடம் படைப்போர் எத்தனைபேர் என்பதைக் காட்டிலும், பொறுப்பை வாங்கிக்கொள்ளவும் கொடுத்துவிட்டுப் போகவும் அங்கே முறையான வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. டெபியனின் மிகப்பெரிய கண்டுபிடிப்பு எந்தக் கருவியும் அன்று. 'இனி என்னால் இயலாது' என்று ஒருவர் வெட்கமின்றிச் சொல்வதற்கும், 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று மற்றொருவர் சான்றுகளுடன் சொல்வதற்கும் அது ஏற்படுத்தி வைத்திருக்கும் இடமே அக்கண்டுபிடிப்பு என்று நாம் கருதுகிறோம். அநாதைகளின் பட்டியல் இன்றும் திறந்திருக்கிறது. அதில் எப்போதும் பல பொதிகள் காத்திருக்கின்றன.